கடற்கரைக்காரர்களுக்கு எந்த மலைக்கோட்டை: திருமயமா, திண்டுக்கல்லா, செஞ்சியா?

ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் என்று நாம் கையெடுத்துக் கும்பிடுவது ஒரு மணல்மேடு. அதன்மேல் உள்ள மண்டபத்தில் ஏறி நின்றாலே தீவின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது; அந்த அளவுக்கு நம் கடற்கரை தட்டையானது. தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை போய்ப் பார்த்தாலும், பனைக்கு மேல் உயர்ந்து நிற்பவை கோயில் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் மாதா கோயில் மணிக்கூண்டும் கலங்கரை விளக்கமும்தான். ஆகவே பிள்ளைகளை ஒரு கருங்கல் மலையில் ஏற்றி, அதன்மேல் மனிதர் எழுப்பிய மதிலையும் கொத்தளத்தையும் தொட்டுப் பார்க்கச் செய்ய வேண்டும் என்று நினைக்கும் குடும்பத்தார், மாவட்ட எல்லையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அப்படிப் புறப்படும்போது நம் பக்கத்தில் பெரும்பாலும் அடிபடுகிற பெயர்கள் மூன்று: திருமயம், திண்டுக்கல், செஞ்சி. தேவிபட்டினத்திலிருந்து எங்கள் உறவுக் கூட்டமாக வெவ்வேறு ஆண்டுகளில் இம்மூன்றுக்கும் போய்வந்திருக்கிறோம். அடுத்த பயணத்துக்கு எதைத் தேர்வது என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் வாய்மொழியாகச் சொல்லி வந்ததையே இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எந்தக் கோட்டை பெரியது, எது புகழ் வாய்ந்தது என்று பார்த்து முடிவெடுப்பதே வழக்கமாக இருக்கிறது. தனியாகவோ நண்பர்களோடோ போகிற இளைஞருக்கு அது போதும். பாட்டி, பேரன், கைக்குழந்தை என்று ஒரு வேன் நிறையப் போகிற நமக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி வேறு. உங்களோடு வருகிறவர்களில் மேலே ஏற முடியாதவர் யார், மற்றவர்கள் ஏறி இறங்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை அவர் கீழே எங்கே, எப்படிக் கழிப்பார் என்பதே அது. முழங்கால் வலியோடு மூன்று மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்தே வந்த ஒரு பெரியம்மாவை, மலையடிவாரத்தில் மறுபடியும் அதே வண்டிக்குள் உட்கார வைப்பது பெரிய பாவம். மூன்று கோட்டைகளையும் இந்த ஒரு கேள்வியை முன்வைத்து ஒப்பிட்டபோது, எனக்குக் கிடைத்த வரிசை நான் முதலில் நினைத்திருந்த வரிசையாக இல்லை.

இடத்துக்கு முன் காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வலை சீர்செய்வதும் படகுக்கு வண்ணம் பூசுவதும் முடிந்தால் ஆண்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. பள்ளி விடுமுறையும் அதே வேளையில் வந்து சேர்கிறது. ஆகவே நம் கடற்கரையில் வேன் பிடித்து ஊர் சுற்றக் கிளம்புவது பெரும்பாலும் சித்திரையிலும் வைகாசியிலும்தான். மலைக்கோட்டைக்கு அதைவிடக் கெட்ட காலம் இல்லை. வெயில் நமக்குப் புதிதன்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நாம் பழகிய வெயில் காற்றோடு கூடிய வெயில். கச்சான், சோழகம் என்று எந்தக் காற்று அடித்தாலும் வியர்வை உடம்பில் தங்குவதில்லை. மலையின் காற்று படாத பக்கத்துச் சரிவில் ஏறும்போது மேலிருந்து சூரியனும் கீழிருந்து பாறையும் ஒருசேரச் சுடுகின்றன. பத்தரை மணிக்கெல்லாம் வெறுங்காலை வைக்க முடியாதபடி கல் கொதித்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறைப் படிகள் பாசி பிடித்து வழுக்கும் என்பதால் அந்தக் காலமும் ஆகாது. தையும் மாசியுமே சரியான மாதங்கள். தடைக்காலத்தை விட்டால் வேறு வழியே இல்லை என்கிற குடும்பத்துக்கு, மூன்றில் ஒன்று மட்டுமே பொருந்தும். அது திருமயம்.

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், திருவாடானை, தேவகோட்டை, காரைக்குடி வழியாகத் திருமயம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். விடியலில் புறப்பட்டால் காலைப் பலகாரத்தைக் காரைக்குடியில் முடித்துக்கொள்ளலாம். ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்தார் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பேருந்தில் போகிறவர்கள் காரைக்குடியில் இறங்கிப் புதுக்கோட்டை வண்டியில் ஏறினால் அது கோட்டை வழியாகத்தான் போகிறது. சாலை ஓரத்திலேயே, கோட்டையின் வெளிமதிலை ஒட்டி, கோட்டை பைரவர் சந்நிதி இருக்கிறது. அந்த வழியே போகிற லாரிக்காரர்கள் நிறுத்தி, கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். எங்கள் வேன் ஓட்டுநரும் யாரிடமும் கேட்காமல் தாமாகவே வண்டியை ஓரங்கட்டினார்.

இந்தக் கோட்டை நமக்கு அயலூர்க் கோட்டையன்று என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. இதை 1687-இல் கட்டியவர் ராமநாதபுரத்துச் சேதுபதி. போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்து, அங்கே கோட்டையும் அரண்மனையும் எழுப்பிய அதே கிழவன் சேதுபதி. நாம் தாலுகா அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் போகிறபோது கடந்துபோகிற அரண்மனை வாசலும், 120 கிலோமீட்டர் வடக்கே பாறைமேல் நிற்கும் இந்த மதிலும் ஒரே ஆட்சியின் இரு முனைகள். ஓரியூரில் கத்தோலிக்கத் துறவி அருளானந்தர் 1693-இல் கொல்லப்பட்டதும் இவர் காலத்தில்தான் என்பதால், கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இந்தப் பெயர் புதிதன்று. தம் மனைவி காதலி நாச்சியாரின் உடன்பிறந்தாரான ரகுநாதத் தொண்டைமானிடம் புதுக்கோட்டைப் பகுதியை ஒப்படைத்தவரும் இவரே. இவருக்குப் பின் சேதுபதி வீட்டில் வாரிசுப் பூசல் மூண்டு, திருமயமும் தொண்டைமான்களின் கைக்குப் போயிற்று. பிறகு தஞ்சைப் படை புதுக்கோட்டைச் சீமைக்குள் புகுந்தபோது அவர்களுக்குக் கடைசிப் புகலிடமாக நின்றதும் இந்தக் கோட்டைதான். ஊமைத்துரையின் நினைவோடு சேர்த்து இதை ஊமையன் கோட்டை என்றும் அக்கம்பக்கத்தார் சொல்வதுண்டு.

கோட்டைப் பரப்பு சுமார் 40 ஏக்கர். முன்பு ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்பார்கள். இன்று அவற்றில் சிலவே எஞ்சி நிற்கின்றன. குன்று உயரமானதன்று. ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுக்காரரும் நின்று நின்று ஏறினாலும் அரைமணி நேரத்தில் உச்சிக்கு வந்துவிடலாம். பாதி வழியில், பாறையின் பக்கவாட்டில் ஒரு சிறிய அறை குடைந்து உள்ளே சிவலிங்கம் வைத்திருக்கிறார்கள். அந்த வாசலுக்கு இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். எங்கள் கூட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோட்டையைவிட அந்த ஏணியே பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வொருவராக ஏறி, உள்ளே தலையை நீட்டி, கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் நின்று, பிறகு அடுத்தவருக்கு இடம்விட்டு இறங்கினார்கள். உச்சிக் கொத்தளத்தில் ஒரு பழைய பீரங்கி இருக்கிறது. அதன் வாய் பார்க்கிற திசையில் நாமும் பார்த்தால் செம்மண் பூமியும், வெயிலில் மின்னும் கண்மாய்களும், பாறைக் குன்றுகளுமாக வெகுதூரம் தெரிகிறது. கடலைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு, நீர் இப்படித் துண்டு துண்டாகக் கரை கட்டி நிறுத்தப்பட்டிருப்பது வியப்பாக இருக்கும்.

கீழே இருப்பவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்தக் கேள்விக்குத் திருமயம் கொடுக்கிற பதில் மற்ற எந்த ஊரும் கொடுக்க முடியாதது. அதே மலையின் அடிவாரத்தில், ஒரே பாறையைக் குடைந்து, சத்தியகிரீஸ்வரர் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. திருமெய்யம் என்பதே ஊரின் பழைய பெயர். மெய்யும் சத்தியமும் ஒன்றுதான். பெருமாள் கோயில் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். குகைக்குள் பள்ளிகொண்ட பெருமாளை, நிலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்ந்துகொண்டேதான் திருமுடி முதல் திருவடி வரை சேவிக்க வேண்டும். அவரைத் தாக்க வந்த மது, கைடபர் என்ற அசுரர்களை ஆதிசேஷன் நெருப்பு மூச்சால் விரட்டுகிற காட்சியும் அதே பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துச் சிவன் குகையில் லிங்கோத்பவர் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கிறார். இந்த இரு கோயிலாருக்கும் இடையே எழுந்த வழக்கை 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளத் தளபதி ஒருவர் தீர்த்துவைத்த செய்தி கல்வெட்டாகவே இங்கு இருக்கிறது. எங்கள் அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. "நீங்க ஏறிட்டு மெதுவா வாங்க தம்பி, எனக்கு இந்தக் குளிர்ச்சியே போதும்" என்று அவர் மண்டபத்துத் தூண் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இறங்கி வந்தபோது, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தோடு பேசிப் பழகி, அவர்கள் கொடுத்த பிரசாதத்தை எங்களுக்கென்று இலையில் மடித்து வைத்திருந்தார்.

குறை இல்லாமல் இல்லை. நடுப்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். கோட்டையோ காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கிறது. ஆகவே முதலில் கோயில், பிறகு கோட்டை என்று வைத்துக்கொண்டால்தான் இரண்டும் கிடைக்கும். மாற்றிச் செய்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். கோட்டைக்கு உள்ளே அரண்மனை, மாளிகை என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது. மதில், கொத்தளம், சுனை, பீரங்கி, அவ்வளவுதான். 'கோட்டை' என்ற சொல்லைக் கேட்டதும் சினிமாவில் பார்த்த அரசவையை நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிற்பகல் மீதமிருந்தால், திரும்பும் வழியில் கானாடுகாத்தானில் செட்டிநாட்டு வீடுகள் நிற்கும் தெருக்களில் நடந்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தேவகோட்டையைத் தாண்டிவிடலாம்.

திண்டுக்கல் வேறு வகை. மதுரை வழியாக ஏறத்தாழ 180 கிலோமீட்டர்; மதுரை வரை ரயிலிலும் போகலாம், அங்கிருந்து பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஊரின் நடுவிலேயே, திண்டு போட்டதுபோல் மொட்டைப் பாறை ஒன்று எழுந்து நிற்கிறது. அதனால்தான் திண்டுக்கல் என்று பெயர் வந்தது என்பார்கள். 1605-இல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் தொடங்கிய கோட்டை அது. திருமலை நாயக்கர், ராணி மங்கம்மாள், மைசூரின் ஐதர் அலி, அவர் மகன் திப்பு என்று கை மாறி மாறி, ஒவ்வொருவரும் சேர்த்துக் கட்டியது. ஐதர் அலி 1755-இல் மைசூரின் பௌஜ்தாராக, அதாவது படைத் தலைமை அதிகாரியாக, இங்கே வந்தவர். அவர் தலையெடுத்ததே இந்தப் பாறைக்குக் கீழேதான் என்று சொல்லலாம். மைசூர்ப் போர்களின்போது ஆங்கிலேயர் பிடிப்பதும் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுப்பதுமாக இருந்து, கடைசியில் 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கோட்டை அவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

நமக்கு இந்தக் கோட்டை முக்கியமாவது வேலு நாச்சியாரால். அவர் ராமநாதபுரம் அரண்மனையில், சேதுபதியின் மகளாகப் பிறந்தவர். 1772-இல் ஆங்கிலேயக் கம்பெனிப் படையும் ஆர்க்காட்டு நவாபு படையும் முதலில் ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்து, அதே மாதத்தில் காளையார்கோவிலில் அவர் கணவர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அதன்பின் மகளோடு தப்பிய நாச்சியார் விருப்பாட்சியிலும் திண்டுக்கல்லிலுமாக எட்டு ஆண்டுகள், ஐதர் அலியின் ஆதரவில் இருந்து படை திரட்டினார். 1780-இல் சிவகங்கையை மீட்டார். சமவெளியில் மண்ணைக் குவித்தும் கல்லை அடுக்கியும் கட்டிய நம் ராமநாதபுரம் கோட்டை பீரங்கிக்கு முன் ஏன் நிற்க முடியவில்லை, ஒரு மலைக்கோட்டை ஏன் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியவைக்க, திண்டுக்கல் பாறையின் செங்குத்துப் பக்கத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கச் செய்தாலே போதும்.

ஏறுவதற்கான படிகள் பாறையிலேயே வெட்டப்பட்டவை. அறுநூறு படிகள் என்று ஊரார் கணக்குச் சொல்கிறார்கள். உயரம் குறைந்த, அகலமான படிகள். முழங்காலுக்குச் சிரமம் குறைவுதான், ஆனால் வழியில் மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேலே போனால் பார்க்க நிறையவே இருக்கிறது. வெடிமருந்துக் கிடங்கு, செங்கல் வளைவு கொண்ட அறைகள், மதில் ஓரத்துப் பீரங்கி மேடைகள், உச்சியில் மூலவர் இல்லாத பழைய கோயில் ஆகியவற்றை நிதானமாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். மேற்கே கொடைக்கானல் மலைத்தொடரும் கிழக்கே சிறுமலையும் தெரிகின்றன. மூன்று கோட்டைகளில் கண்ணுக்கு நிறைவான காட்சி இங்கேதான் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் நாங்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு மே மாதத்தில், மதுரையில் மீனாட்சியைத் தரிசித்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பின் இரண்டரை மணிக்குக் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். பன்னிரண்டு பேருக்கு நான்கு பாட்டில் தண்ணீர். முக்கால் உயரத்தில் என் தங்கை மகனுக்கு வாந்தி எடுத்தது; உதடு வெளுத்து, நிற்க முடியாமல் மதில் நிழலில் சரிந்தான். பையில் மிஞ்சியிருந்த கடைசி அரைப் பாட்டிலை அவன் தலையிலும் பிடரியிலும் ஊற்றி, துண்டை நனைத்துப் போர்த்தி, நிழல் நீளும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மேலே தண்ணீர் விற்பவர் யாரும் இல்லை. இருப்பார்கள் என்று எண்ணியது எங்கள் தவறு. மலையடியில் எங்களுக்காகக் காத்திருந்த இரண்டு பெரியவர்களுக்கோ, உட்கார ஒரு நல்ல நிழலான இடம் கிடைக்காமல் போயிற்று. திண்டுக்கல்லின் உண்மையான பலவீனம் இதுதான். ஏற முடியாதவருக்கு அடிவாரத்தில் பார்க்கவோ பொழுது போக்கவோ பெரிதாக எதுவும் இல்லை. அவர்களை ஊருக்குள் இருக்கிற அபிராமியம்மன் கோயிலிலோ பேகம்பூர் பள்ளிவாசல் பக்கத்திலோ விட்டுவிட்டு, மற்றவர்கள் ஏறிவிட்டு வந்து அழைத்துக்கொள்வதே நல்லது. சீரகச் சம்பா பிரியாணியை இறங்கி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்தவர் அந்தப் படியில் ஏற முடியாது.

செஞ்சியைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் இரண்டாகிறது. கோட்டை என்ற அளவில் மற்ற இரண்டையும் அதனோடு ஒப்பிடுவதே நியாயமில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்கம் என்று மூன்று மலைகள்; அம்மூன்றையும் இணைத்து வளைக்கிற மதிலின் நீளம் 13 கிலோமீட்டர். ராஜகிரி தரையிலிருந்து ஏறத்தாழ 800 அடி உயரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். உச்சிக்குச் சற்று முன் மலையே பிளந்ததுபோல் ஒரு பெரும்பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் போட்ட பாலத்தைக் கடந்தால்தான் மேல்கோட்டை. அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் சில வீரர்களே ஒரு படையை நிறுத்திவிடலாம் என்பது அங்கே நின்று கீழே பார்த்ததும் விளங்கிவிடும். சிவாஜி 1677-இல் இதைப் பிடித்துப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் இதற்குள் இருந்தபோது 1690-இல் முகலாயப் படை முற்றுகையைத் தொடங்கிற்று. கோட்டை விழ 1698 ஆயிற்று. எட்டு ஆண்டுகள்! பிறகு தேசிங்கு ராஜன் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து 1714-இல் போரில் இறந்தார்; 1750-இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761-இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். 2025 ஜூலையில், மராத்தியரின் 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான். அதற்குப் பிறகு நம் ஊர்ப் பக்கத்திலும் 'செஞ்சிக்குப் போகலாமா' என்ற கேள்வி கூடிவிட்டது.

இங்கே நான் எதிர்பாராத ஒன்று உண்டு. ஏற முடியாதவருக்கு மிகவும் உகந்த கோட்டையும் ஒரு வகையில் செஞ்சியே. ராஜகிரி அடிவாரத்தில், சமதரையிலேயே, அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கல்யாண மகால், வளைவுக் கூரை போட்ட பெரிய நெற்களஞ்சியம், குதிரை லாயம், யானைக்குளம், சற்றுத் தள்ளி வேங்கடரமணர் கோயில், 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய சாதத்துல்லா கான் பள்ளிவாசல் என்று ஒரு பகல் முழுதும் நடந்து பார்க்க வேண்டியவை பரந்து கிடக்கின்றன. மலையேறாமலேயே ஒருவர் 'கோட்டையைப் பார்த்தேன்' என்று நிறைவாகச் சொல்லக்கூடிய இடம் அது. நெற்களஞ்சியத்துக்குள் நின்று என் மாமனார், "இத்தனை நெல்லுக்கு எத்தனை கண்மாய் பாய்ஞ்சிருக்கணும்" என்று கேட்டார். வானம் பார்த்த பூமியில் பயிர் செய்து பழகியவர் அப்படித்தான் கேட்பார். முற்றுகை எட்டு ஆண்டு நீடித்ததற்கான பாதி விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

தூரம்தான் தடை. ராமநாதபுரத்திலிருந்து செஞ்சி 350 கிலோமீட்டருக்கும் மேல். ஒரே நாளில் போய்வருகிறோம் என்று கிளம்புகிறவர்கள் நள்ளிரவில் புறப்பட்டு, தூக்கமில்லாத கண்ணோடு ராஜகிரி அடிவாரத்தில் இறங்கி, பாதி மலையில் திரும்பிவிடுகிறார்கள்; அப்படித் திரும்பிய இரண்டு குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பிற்பகலில் தாமதமாக வருகிறவர்களை ராஜகிரியில் ஏற விடுவதுமில்லை. சென்னை போகிற இரவு ரயிலில் விழுப்புரத்தில் இறங்கி, முகம் கழுவிப் பலகாரம் முடித்துப் பேருந்தில் போனால் காலை ஒன்பதுக்குள் கோட்டை வாசலில் இருக்கலாம். அன்று ராஜகிரியும் கீழ்க்கோட்டையும். இரவு திருவண்ணாமலையில் தங்கல். அது அங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். மறுநாள் கிருஷ்ணகிரியில் ஏறிவிட்டோ அண்ணாமலையாரைத் தரிசித்துவிட்டோ திரும்பலாம். இரண்டு நாளும் ஓர் இரவுத் தங்கலும் ஒதுக்க முடியாதவர்கள் செஞ்சியை இன்னோர் ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே அந்தக் கோட்டைக்குச் செய்யும் மரியாதை. குரங்குகள் மிகுதி என்பதையும் நினைவில் வையுங்கள். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டுப் போகிறவர் அதை இழந்துவிட்டுத்தான் இறங்குவார்; முதுகுப்பைக்குள் வைத்து இழுத்து மூடிவிட வேண்டும்.

திருச்சி மலைக்கோட்டையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். அது கோயிலுக்காகப் போக வேண்டிய மலை. உச்சிப் பிள்ளையாரையும் தாயுமானவரையும் சேவிக்கலாம், ஆனால் கோட்டை மதில் பெரும்பாலும் போய்விட்டது, மெயின்கார்டு கேட் ஒன்றே பழைய வாசலாக நிற்கிறது. தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரி, வரலாற்றில் எதற்கும் குறைந்ததன்று. நம் கடற்கரையிலிருந்து அதற்கெனத் தனியாகப் போவது கடினம், சேலம் பக்கம் வேறு காரியம் இருக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

ஆக, கைக்குழந்தையும் வயதானவரும் இருக்கிற கூட்டம், ஒரே நாள் விடுப்பு, தடைக்காலத்தைத் தவிர வேறு நேரமில்லை என்கிற நிலை, இவற்றில் எது இருந்தாலும் திருமயத்துக்கே போங்கள். அங்கே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது, 'இது நம் ராஜா கட்டினது' என்ற ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். அது வேறு எந்தக் கோட்டையிலும் நம் ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்காத தொடக்கம். வேலு நாச்சியாரைப் பாடத்தில் படிக்கிற வயதுப் பிள்ளைகளும், காலில் தெம்புள்ள பெரியவர்களும் மட்டுமே போவதாக இருந்தால், தை மாதத்தில் திண்டுக்கல் மிகச் சிறந்த தேர்வு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்று கண்டிப்பாக வைத்துக்கொண்டு, திறந்தவுடன் ஏறி, பதினொன்றுக்குள் இறங்கிவிட வேண்டும். செஞ்சியை, மற்ற இரண்டில் ஒன்றையாவது பார்த்த பிறகு, இரண்டு நாள் எடுத்துப் பாருங்கள். முதலிலேயே செஞ்சியைப் பார்த்துவிட்ட பிள்ளைக்குத் திருமயம் சின்னதாகத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் மூத்தவனுக்கு அப்படித்தான் ஆயிற்று, எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

கட்டணம் பெரிய செலவன்று. இவை மூன்றும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. செலவு வண்டிக்கும் சாப்பாட்டுக்கும்தான். செருப்பைப் பற்றி மட்டும் ஒரு சொல்: மணலில் நடக்கிற ரப்பர் செருப்பு பாறைச் சரிவில் உதவாது, வியர்வையில் கால் நழுவும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஷூவையே போட்டு அழைத்துச் செல்லுங்கள்.

வருகிற மாசியில் நாங்கள் மறுபடியும் திருமயம் போகிறோம். இம்முறை பதினான்கு பேர், அதில் ஏறாதவர்கள் மூவர். விடியற்காலை நாலரை மணிக்குத் தேவிபட்டினத்திலிருந்து வேன்; காரைக்குடியில் பலகாரம்; எட்டு மணிக்குப் பெருமாள் கோயில், அதன்பின் சிவன் கோயில், ஒன்பதே காலுக்குக் கோட்டை வாசல். அத்தை இப்போதே சொல்லிவிட்டார்: போன முறை உட்கார்ந்த அதே தூண் ஓரத்தில் தமக்கும் கூட வருகிற இரண்டு பேருக்கும் இடம் பிடித்துத் தர வேண்டுமாம்.